டிவி லாட்டரி: ஆப்பிரிக்க நண்பருக்கு நிரப்பித் தருவதற்கு முன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷம் பாடம் எடுத்தேன். நம் ஊரில் இருந்து அங்கே வாத்தியாராகப் போனவர்கள் நிறையப் பேர், அதனால் இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. செப்டம்பர் கடைசியில் மெஸ்கெல் திருவிழா முடிந்து, சொக்கப்பானை மாதிரி எரித்த கட்டையின் சாம்பல் ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். லேப் உதவியாளர், மெஸ் நடத்துகிற அம்மா, கடைசி வருஷ மாணவர்கள், யாராவது ஒருவர் போட்டோவோடு என் வீட்டு வாசலில் நிற்பார். "டீச்சர், டிவி நிரப்பித் தர முடியுமா?" முதல் வருஷம் தொலைக்காட்சி ரிப்பேர் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது கானா, கென்யா, உகாண்டா என்று வேலை பார்க்கிற நம்மவர்கள் அதே கேள்விகளை என்னிடம் கேட்கிறார்கள். டிரைவர் கேட்கிறார், வீட்டுக்காரர் மகன் கேட்கிறான், என்ன சொல்வது என்று. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. நூற்றுக்கும் மேல் படிவம் நிரப்பியவன், அவ்வளவுதான்.

டிவி லாட்டரி என்றால் என்ன?

அமெரிக்கா வருஷத்துக்கு 55,000 வரை நிரந்தரக் குடியேற்ற விசாவைக் குலுக்கல் முறையில் கொடுக்கிற திட்டம். 'டைவர்சிட்டி விசா' என்பதன் சுருக்கம்தான் டிவி. வேறு திட்டங்களுக்காக ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வதால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. எந்த நாட்டில் இருந்து கொஞ்சம் பேர்தான் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார்களோ அந்த நாடுகளுக்கு வாய்ப்புக் கொடுப்பது நோக்கம். அங்கே அண்ணன் தம்பி இருக்க வேண்டாம், வேலை கொடுக்க கம்பெனி வேண்டாம்.

1990-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு இதற்காகக் குரல் கொடுத்தவர்கள் மனதில் இருந்தது ஆப்பிரிக்கா இல்லை, அயர்லாந்து. நிரந்தரத் திட்டம் தொடங்கும் முன் மூன்று வருஷம் இடைக்கால ஏற்பாடு ஒன்று நடந்தது, வருஷத்துக்கு 40,000 விசா, அதில் 40 சதவீதம் அயர்லாந்துக்காரர்களுக்கு என்றே ஒதுக்கினார்கள். யாருக்கோ வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது அக்ராவுக்கும் அடிஸ் அபாபாவுக்கும். உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்துத்தான் விசாவைப் பங்கிடுகிறார்கள், இன்றைக்கு அதில் ஆப்பிரிக்காவுக்குத்தான் பெரிய பங்கு.

முதலில் இதைச் சொல்லுங்கள், இப்போது இது நடக்கிறதா இல்லையா?

நியாயமான கேள்வி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டியது. இதை எழுதும்போது நிலைமை மோசம். வழக்கமாக அக்டோபரில் திறக்கிற விண்ணப்பம் 2025 அக்டோபரில் திறக்கவில்லை. அந்த வருஷம் டிசம்பரில், பிரவுன் பல்கலைக்கழகத் துப்பாக்கிச் சூட்டில் சந்தேகிக்கப்பட்டவர் 2017-இல் இந்த விசாவில் வந்த போர்த்துகல்காரர் என்று தெரிந்ததும், திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது.

அதற்கும் மேலே, அமெரிக்காவுக்குள் வர நாடு வாரியாகத் தடை இருக்கிறது. 2025 ஜூன் 9 முதல் சாட், காங்கோ குடியரசு, எக்குவடோரியல் கினி, எரித்ரியா, லிபியா, சோமாலியா, சூடான் நாட்டவர்களுக்கு முழுத் தடை. புருண்டி, சியரா லியோன், டோகோவுக்குப் பகுதித் தடை (சியரா லியோன் 2026 ஜனவரி முதல் முழுத் தடைக்குப் போய்விட்டது). பகுதி என்கிற வார்த்தையைப் பார்த்து ஏமாற வேண்டாம், குடியேற்ற விசா அதிலும் நிற்கிறது, டிவி குடியேற்ற விசாதான். 2026 ஜனவரி 1 முதல் பட்டியல் நீண்டு நைஜீரியா, தான்சானியா, சாம்பியா, ஜிம்பாப்வே, செனகல், மாலி எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அதே ஜனவரி 21 முதல் 75 நாட்டவர்களுக்குக் குடியேற்ற விசா வழங்குவதையே நிறுத்தி வைத்தார்கள், எத்தியோப்பியாவும் கானாவும் அதில் உண்டு.

அப்படியானால் ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? சட்டம் இன்னும் சட்டமாக இருக்கிறது, அதை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றம் வேண்டும். தடைகள் வரும், போகும். 2020-இலும் இப்படி நின்றது, நீதிமன்றம் போய்க் கொஞ்சம் மீட்டார்கள் (கீழே சொல்கிறேன்). ஆனால் ஒன்று. இந்த நேரத்தில் "எனக்குத் தூதரகத்தில் ஆள் இருக்கிறது, இப்போதே பதிவு போட்டு வைக்கிறேன்" என்று யாராவது உங்கள் நண்பரிடம் காசு கேட்டால் அது பச்சைப் பொய். திறக்காத கதவுக்கு டிக்கெட் கிடையாது.

எந்தெந்த ஆப்பிரிக்க நாடுகள் போடலாம்?

தடை இல்லாத சாதாரண வருஷத்தில் ஏறக்குறைய எல்லாமே. விதிவிலக்கு நைஜீரியா. கடந்த ஐந்து வருஷத்தில் குடும்பம், வேலை வழியாக 50,000 பேருக்கு மேல் போயிருந்தால் அந்த நாடு வெளியே. நைஜீரியா டிவி-2015-இல் இருந்து (அதாவது 2015 நிதியாண்டு விசாவுக்கான குலுக்கலில் இருந்து) வெளியே நிற்கிறது. இந்தியாவும் அதே காரணத்துக்காகத்தான் கிடையாது. இலங்கை உண்டு.

பிறந்த நாடு முக்கியம், பாஸ்போர்ட் இல்லை. இதைப் பத்துத் தடவை சொன்னாலும் பதினோராவது தடவை கேட்பார்கள். லாகோஸில் பிறந்து கானா பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நைஜீரியாக் கணக்குத்தான். இரண்டு வழி இருக்கிறது: மனைவியோ கணவரோ தகுதியுள்ள நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டைக் காட்டலாம், ஆனால் இருவர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், சேர்ந்து விசா வாங்கிச் சேர்ந்து போக வேண்டும். இல்லையென்றால், தான் பிறந்தபோது அப்பா அம்மா இருவருமே அந்த நாட்டில் பிறந்தவர்களோ சட்டப்படி குடியிருந்தவர்களோ இல்லை, தற்காலிகமாக வந்திருந்தார்கள் என்று காட்ட முடிந்தால் பெற்றோரின் நாட்டைக் காட்டலாம்.

எல்லை மாறிய நாடுகளில் இன்னொரு சிக்கல். அஸ்மாராவில் 1988-இல் பிறந்தவர் அன்றைக்கு எத்தியோப்பியாவில் பிறந்தார். இன்றைக்கு அந்த ஊர் எரித்ரியா. படிவத்தில் எரித்ரியா என்றுதான் போட வேண்டும், ஊர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

நான் மதுரையில் பிறந்தவன், பத்து வருஷமாக நைரோபியில் இருக்கிறேன். நான் போடலாமா?

முடியாது. நைரோபியில் எத்தனை வருஷம் இருந்தாலும் நீங்கள் இந்தியாக் கணக்கு. ஆனால் உங்கள் மனைவி கென்யாவிலோ மொரிஷியஸிலோ பிறந்தவர் என்றால் மேலே சொன்ன வழி உங்களுக்கும் பொருந்தும். டர்பனில் பிறந்த தமிழர்கள் தென்னாப்பிரிக்கர்களாகவே போடலாம், அதில் எந்தக் கேள்வியும் இல்லை. அங்கே பிறந்த உங்கள் பிள்ளையும் வளர்ந்து பன்னிரண்டாவது முடித்த பிறகு தன் பெயரில் போடலாம்.

படிப்பு எவ்வளவு வேண்டும்?

பள்ளிப் படிப்பு பன்னிரண்டு வருஷம் முழுதாக முடித்திருக்க வேண்டும். இல்லை என்றால், கடந்த ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது, குறைந்தது இரண்டு வருஷப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படுகிற ஒரு தொழிலில் வேலை பார்த்திருக்க வேண்டும். எந்தத் தொழில் என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் பட்டியலை வைத்து முடிவு செய்கிறார்கள். தையல், டிரைவர், சமையல் எல்லாம் அதில் தேறாது, எவ்வளவு கைத்திறமை இருந்தாலும்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் கல்லூரி வேன் ஓட்டியவருக்கு விழுந்தது. அந்தக் காலத்தில் எத்தியோப்பியாவில் பத்தாம் வகுப்பில் ஒரு தேசியத் தேர்வு, அதில் மார்க் வாங்கியவர்கள்தான் பதினொன்றுக்குப் போவார்கள். இவர் பத்தோடு நின்றவர். படிவத்தை நிரப்பிக் கொடுத்த நெட் சென்டர் பையன் "உயர்நிலைப் பள்ளி" என்று ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டான், அவன் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை. தெருவே வந்து காபி குடித்துக் கொண்டாடியது. மருத்துவப் பரிசோதனை, அடிஸ் போக வர பஸ், லாட்ஜ், தூதரகக் கட்டணம் 330 டாலர், எல்லாம் கட்டி உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். கட்டிய காசு திரும்பாது. அந்த 330 டாலரைச் சேர்க்க அவர் ஒரு மாட்டை விற்றிருந்தார்.

பள்ளி இறுதித் தேர்வுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் பெயர் வாஸ்ஸி, கென்யாவில் கேசிஎஸ்இ. தேர்வு எழுதினால் மட்டும் போதாது, தேர்ச்சி வேண்டும். எந்தப் பாடங்களில் எந்த கிரேடு என்பதை அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பிப் போக வேண்டாம்.

பெயரை எப்படி எழுதுவது? இவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லையே?

நமக்குத் தெரியாத கஷ்டமா! இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் 'சர்நேம்' கட்டத்தில் போட்டுவிட்டு, விமான நிலையத்தில் "மிஸ்டர் சுப்பிரமணியன்" என்று அப்பாவைக் கூப்பிடுவதைக் கேட்டு முழித்த ஜாதி நாம். எத்தியோப்பியாவிலும் அதே கதை. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் கணவர் பெயரை ஒட்டிக்கொள்வதில்லை, அதில் அவர்கள் நம்மைவிட ஒரு படி மேல்.

சட்டம் ஒன்றுதான்: பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி. பாஸ்போர்ட் இல்லை என்றால், எடுக்கும்போது எப்படி எழுதப் போகிறார்களோ அப்படி. அம்ஹாரிக் எழுத்தில் இருக்கிற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கெபலே அட்டையில் வேறொன்று (கெபலே என்றால் அங்கே வார்டு ஆபீஸ் மாதிரி). சின்ன எழுத்து வித்தியாசத்துக்காக யாரையும் துரத்திவிடுவதில்லை, விளக்கினால் கேட்கிறார்கள். ஆனால் தாத்தா பெயருக்குப் பதில் பட்டப்பெயர் போட்டால் ஆளே வேறு ஆகிவிடும்.

விண்ணப்பத்திலேயே பாஸ்போர்ட் நம்பர் வேண்டும் என்று 2019-இல் ஒரு விதி வந்தது, 2022-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2025-இல் மறுபடி கொண்டுவரப் பேச்சு எழுந்தது. அதனால் இப்போதே ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைக்கச் சொல்வேன், வேறு எதற்காவது உதவும்.

பிறந்த தேதி? இவர் ஏதோ பதின்மூன்றாவது மாசம் என்கிறார்!

பொய் சொல்லவில்லை. எத்தியோப்பிய நாள்காட்டியில் முப்பது நாள் கொண்ட பன்னிரண்டு மாசமும், கடைசியில் ஐந்து அல்லது ஆறு நாள் கொண்ட பாகுமே என்கிற குட்டி மாசமும் உண்டு. வருஷமும் நம் காலண்டரைவிட ஏழு எட்டு வருஷம் பின்னால் ஓடும். எங்கள் லேப் உதவியாளர் பிறந்தது அவர்கள் கணக்கில் 1989 பாகுமே 3. அமெரிக்கப் படிவத்தில் பன்னிரண்டுக்கு மேல் மாசமே கிடையாது. முந்தைய வருஷம் யாரோ அதை டிசம்பர் 3, 1989 என்று போட்டுத் தந்திருக்கிறார்கள், எட்டு வயசைக் கூட்டிவிட்டார்கள்! சரியான தேதி 1997 செப்டம்பர் 8. உட்கார்ந்து இருவரும் விரல் விட்டு எண்ணினோம். அவர் நேரத்தையும் அவர்கள் கணக்கில் சொல்ல (அங்கே காலை ஏழு மணிதான் ஒரு மணி) எனக்குத் தலை சுற்றிவிட்டது.

இன்னொன்று, படிவத்தில் மாசம் முதலில், நாள் அப்புறம். நாம் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள். 7-4, 4-7 ஆகிவிடும். நிதானமாகப் போடுங்கள்.

போட்டோ விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

600-க்கு 600 பிக்சல், சதுரம், 240 கிலோபைட்டுக்குள், வெளிர் நிறப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது, ஆறு மாசத்துக்குள் எடுத்தது. போன வருஷப் போட்டோவைத் திரும்பப் போடுவதுதான் பெரிய தப்பு. கணினி ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கும், விண்ணப்பம் தள்ளுபடி. கருத்த முகத்தை நம் ஊர் ஸ்டூடியோக்காரர் மாதிரி வெளுப்பாக்குகிற வேலையும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவர் முன்னால், போனிலேயே எடுக்கலாம். கைக்குழந்தைக்கும் தனிப் போட்டோ வேண்டும். அம்மாவின் கை தெரியக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், அது உங்கள் பொறுமைக்கு வைத்த பரீட்சை.

நெட் சென்டரில் போடச் சொல்லலாமா? அல்லது ஏஜென்ட்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

படிவத்தை அனுப்பியதும் திரையில் ஒரு கன்ஃபர்மேஷன் நம்பர் வரும், எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக. லாட்டரிச் சீட்டு என்பது அதுதான். அடுத்த மே மாசம் அதிகாரப்பூர்வ தளத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தால்தான் விழுந்ததா இல்லையா என்று தெரியும். கடிதம் வராது, போன் வராது. ஆக நம்பர் யார் கையில் இருக்கிறதோ, விழுந்தது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

சில ஏஜென்ட்டுகளின் பிழைப்பே இதில்தான். ஊரில் ஐந்நூறு பேருக்கு, சில சமயம் இலவசமாகவே, நிரப்பித் தருவார்கள். நம்பரைத் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், ஈமெயில் கட்டத்தில் தங்கள் ஈமெயிலைப் போடுவார்கள். மே மாசம் உட்கார்ந்து ஐந்நூறையும் தட்டிப் பார்ப்பார்கள். நாலு பேருக்கு விழுந்திருக்கும். அந்த நாலு வீட்டுக்குப் போய், "உனக்கு விழுந்திருக்கிறது, நம்பர் வேண்டுமானால் இவ்வளவு கொடு" என்பார்கள். பணம் இல்லையா, அதற்கும் வழி வைத்திருப்பார்கள்: "செலவெல்லாம் நான் பார்க்கிறேன், இந்தப் பெண்ணை உன் மனைவி என்று சேர்த்துக்கொண்டு கூட்டிப் போ." அந்தப் பெண்ணின் குடும்பம் ஏஜென்ட்டுக்குப் பெரிய தொகை கொடுத்திருக்கும். டோகோவின் லோமே நகரத்தில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

நெட் சென்டர் கூடாது என்று சொல்ல மாட்டேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர் வேறு எங்கே போவார்? ஆனால் ஈமெயில் அவருடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே ஒன்று தொடங்கிப் பாஸ்வேர்டை அவரே எழுதிக்கொள்ள வேண்டும். அனுப்பியதும் திரையை அவர் போனில் போட்டோ எடுக்க வேண்டும், ஒரு பிரின்ட்டும். நம்பர் திரையில் வரும்வரை காசு கொடுக்க வேண்டாம். அப்புறம், படிவத்தைப் பாதியில் சேமிக்க முடியாது, 60 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். கரன்ட் போகிற ஊர்களில் இதற்காகவே முதலில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் உட்காருவது நல்லது. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

தளத்தின் முகவரி கவ் (.gov) என்று முடிய வேண்டும், அமெரிக்க அரசின் தளங்கள் அப்படித்தான் முடியும். நட்சத்திரக் கொடி படம் போட்டு, காம் (.com) என்று முடிகிற பளபளப்பான தளம் எல்லாம் தரகர் கடை. கட்டணம் முன்பு எதுவும் கிடையாது. 2025-இல் 1 டாலர் பதிவுக் கட்டணம் என்று விதி போட்டிருக்கிறார்கள், அதுவும் அந்த அரசுத் தளத்திலேயே கட்டுவது.

மனைவி, குழந்தைகளை எழுதாமல் தனியாகப் போட்டால் வாய்ப்பு அதிகமாமே?

இல்லை. குலுக்கல் கணினிக்கு உங்கள் குடும்பம் எத்தனை பேர் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விண்ணப்பிக்கிற நாளில் இருக்கிற மனைவியை, 21 வயசுக்கு உட்பட்ட கல்யாணம் ஆகாத பிள்ளைகளை, கூட இல்லாவிட்டாலும், கூட்டிப் போகிற எண்ணமே இல்லாவிட்டாலும், எழுதியே ஆக வேண்டும். முதல் தாரத்துக் குழந்தை, ஊரில் பாட்டியிடம் வளர்கிற குழந்தை, எல்லாம். விட்டால் தூதரக நேர்காணலில் மொத்தக் குடும்பமும் தள்ளுபடி. தான் பெற்ற பிள்ளையை மறைத்தவர்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை, படிவம் நிரப்பியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நிரப்புகிறவராக இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள், "வேறு எங்காவது பிள்ளை உண்டா?" என்று. நான் கேட்டு ஒருமுறை ஒரு பெரியவர் அரை நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினார்.

கணவன், மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் இருவரும் தனித்தனியாகப் போடலாம், ஒருவர் விண்ணப்பத்தில் மற்றவரைச் சேர்த்து. அதுதான் உண்மையான இரட்டை வாய்ப்பு. ஒரே ஆள் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை போட்டால் இரண்டும் போச்சு.

விழுந்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளலாமா?

நிஜக் கல்யாணம் என்றால் செய்யலாம், சேர்க்கலாம். ஆனால் அதிகாரி சந்தேகத்தோடுதான் ஆரம்பிப்பார், அவர் பார்த்த போலிக் கல்யாணங்கள் அப்படி. இருவரையும் தனித்தனியாக நிற்க வைத்து, மாமியார் பெயர் என்ன, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். பொய் என்று முடிவானால் அந்த வருஷ விசா போவது மட்டும் இல்லை, வாழ்நாள் முழுக்க அமெரிக்க விசாவுக்குத் தடை விழும். லோமே ஏஜென்ட் அந்தப் பகுதியைச் சொல்ல மாட்டார்.

"வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று ஈமெயில் வந்திருக்கிறது, பணம் அனுப்பச் சொல்கிறார்கள்.

அழித்துவிடுங்கள்.

விழுந்துவிட்டது! இனி அமெரிக்காதானே?

பொறுங்கள். தேர்வு என்பது வரிசையில் நிற்க அனுமதி, விசா இல்லை. டிவி-2018-க்கு 1 கோடியே 46 லட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள், அதில் இருந்து குடும்பத்தினர் உட்படச் சுமார் 1,16,000 பேரை எடுத்தார்கள், இருந்ததோ 50,000 விசா. பாதிக்கு மேல் கழிந்துவிடும் என்று தெரிந்துதான் இரண்டு மடங்கு எடுக்கிறார்கள்.

அரசுத் தளத்தில் நம்பர் போட்டதும் திரையில் வருகிற உங்கள் நண்பரின் தேர்வுக் கடிதத்தில் வருஷம், அப்புறம் ஏஎஃப், அப்புறம் ஒரு எண் இருக்கும். ஏஎஃப் என்றால் ஆப்பிரிக்க மண்டலம். அந்த எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு மாசமும் விசா புல்லட்டின் என்று ஒன்று வெளியாகும், "ஆப்பிரிக்காவுக்கு இந்த எண் வரை" என்று. எண் சின்னதாக இருந்தால் அக்டோபர், நவம்பரிலேயே கூப்பிடுவார்கள். பெரிய எண் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர் வரை காத்திருந்து, கடைசியில் கூப்பிடாமலே போகவும் கூடும். எகிப்து, அல்ஜீரியா மாதிரிக் கூட்டம் அதிகமான நாடுகளுக்குச் சில வருஷம் தனி எல்லை போடுவார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது.

விழுந்ததும் வேலையை விடுவது, நிலத்தை விற்பது, தெருவில் சொல்வது, மூன்றும் வேண்டாம். தெருவில் சொன்னால் கடன் கேட்க வருவார்கள்.

என்னென்ன செலவு?

தூதரகத்தில் ஆளுக்கு 330 டாலர், நேர்காணல் அன்று அங்கேயே காசாளரிடம், முன்கூட்டி யாருக்கும் இல்லை. குழந்தைக்கும் அதே 330. ஐந்து பேர் குடும்பம் என்றால் 1,650 டாலர், ஒரு எத்தியோப்பிய ஆசிரியருக்குப் பல மாசச் சம்பளம். மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி தனி, தூதரகம் சொல்கிற டாக்டரிடம் மட்டும். விசா வந்த பிறகு பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டு) ஆளுக்கு 235 டாலர். விமான டிக்கெட்டை அரசு தராது. விசாவுக்கு முன் டிக்கெட் போடாதீர்கள்.

அங்கே போய்ச் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் இருக்கிற யாராவது ஐ-134 என்கிற ஆதரவுப் படிவம் தந்தால் பலம். தருகிறவர் சொந்தக்காரராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நண்பர் போதும்.

நேர்காணலுக்கு எந்தக் காகிதம் அதிகம் படுத்தும்?

போலீஸ் சான்றிதழ். 16 வயசுக்குப் பிறகு பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு வெளிநாட்டில் இருந்தும் வேண்டும். எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் எத்தனை பெண்கள் பெய்ரூட், ஜித்தா, குவைத் என்று வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள்! முதலாளியம்மா பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ள, அங்கிருந்து ஓடி வந்து, தற்காலிகக் காகிதத்தில் ஊர் திரும்பியவரிடம் போய் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழ் கேட்டால் என்ன செய்வார்? வளைகுடாவில் இருந்து வந்த நம் ஊர்ப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அதனால் தேர்வுக் கடிதம் கிடைத்த அன்றே இதற்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், நேர்காணல் தேதி வந்த பிறகு இல்லை. டிஎஸ்-260 என்கிற பெரிய விசா விண்ணப்பப் படிவத்தையும் அதே வாரம் நிரப்புவது நல்லது.

செப்டம்பர் 30 என்று எல்லாரும் பயப்படுகிறார்களே, ஏன்?

அமெரிக்க அரசின் நிதியாண்டு அன்றோடு முடிகிறது. அக்டோபர் 1 அன்று அந்த வருஷத்து டிவி செல்லாக்காசு. அதிகாரி "இன்னும் சரிபார்க்கிறோம்" என்று சொல்லி வைத்திருந்தாலும், தப்பு முழுக்க அவர்கள் மேல் இருந்தாலும், அவ்வளவுதான். பெயரிலேயே குழப்பம் உண்டு: டிவி-2026-க்கு விண்ணப்பம் 2024 அக்டோபர், நவம்பரில், முடிவு 2025 மே மாசம், விசா 2026 செப்டம்பர் 30-க்குள்.

2020-இல் கொரோனாவைச் சொல்லிக் குடியேற்ற விசாக்களை நிறுத்தியபோது தேர்வானவர்கள் வழக்குப் போட்டார்கள். வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, தேதி தாண்டினாலும் 9,095 விசாக்களை ஒதுக்கி வைக்க உத்தரவிட்டார். குஜராத்தில் பிறந்த நீதிபதி, பெரும்பாலும் ஆப்பிரிக்கர்களும் ஐரோப்பியர்களும் காத்திருந்த வரிசைக்கு. அதற்கு முன்பு 2011 மே மாசம் இன்னொரு கூத்து: முடிவு வெளியாகிச் சுமார் 22,000 பேர் விழுந்தது என்று பார்த்துவிட்டார்கள், அப்புறம் கணினிக் கோளாறு, தேர்வானவர்களில் 90 சதவீதம் முதல் இரண்டு நாளில் விண்ணப்பித்தவர்களாம், குலுக்கலே சரியில்லை என்று மொத்தத்தையும் ரத்து செய்து ஜூலையில் மறுபடி குலுக்கினார்கள்.

எத்தனை வருஷம் போடலாம்? திரும்பத் திரும்பப் போட்டால் வாய்ப்புக் கூடுமா?

எத்தனை வருஷம் வேண்டுமானாலும். வாய்ப்புக் கூடாது, கணினிக்குப் பழைய முகம் ஞாபகம் இருக்காது (பழைய போட்டோ மட்டும் ஞாபகம் இருக்கும்!). 2015-இல் கானாவில் இருந்து மட்டும், குடும்பத்தினரையும் சேர்த்து, சுமார் 17 லட்சம் பேர், நாட்டின் ஜனத்தொகையில் ஏறக்குறைய 6 சதவீதம். இதை நம்பி உள்ளூர் வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், நாலு வருஷம், ஐந்து வருஷம். அவர்களுக்கு நிரப்பித் தருவதற்கு முன்னால் வேறு எங்கெல்லாம் மனுப் போட்டிருக்கிறாய் என்று கேட்பேன். வாத்தியார் புத்தி.

கன்ஃபர்மேஷன் நம்பர் தொலைந்துவிட்டது. என்ன செய்வது?

அரசுத் தளத்திலேயே மறந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, விண்ணப்பத்தில் கொடுத்த ஈமெயில், இந்த மூன்றும் படிவத்தில் போட்டபடியே கொடுத்தால் நம்பர் திரும்பக் கிடைக்கும். ஈமெயில் நெட் சென்டர்காரருடையது என்றால் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

எங்கள் மெஸ் அம்மாவுக்கு ஈமெயில் என்றால் என்னவென்றே தெரியாது. நான்தான் தொடங்கித் தந்தேன். பிரின்ட் எடுத்த தாளையும் பாஸ்வேர்டையும் மடித்து, சுவரில் மாட்டியிருந்த மரியாள் படச் சட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மே மாசம் சட்டத்தைக் கழற்றியபோது உள்ளே அவர் முன்பு போட்ட மூன்று வருஷத்துத் தாள்களும் இருந்தன, நெட் சென்டரில் யாரோ நிரப்பித் தந்தவை. மூன்றிலும் கன்ஃபர்மேஷன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தைக் கிழித்துவிட்டுக் கொடுத்திருந்தார்கள்.